குறைந்த தண்ணீரும் தேய்ந்த இம்பெல்லரும்

(கிணற்றுப் பாசன உழவர்களுக்கான ஒருநாள் பயிற்சியில் உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



உழவியல் ஆசிரியன் பம்புசெட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். விதை, உரம், களை, நீர் நிர்வாகம் ஆகியவைதான் என்னுடைய பாடம். ஆனால் நீர் நிர்வாகம் என்று நாங்கள் கரும்பலகையில் எழுதுவதெல்லாம், உங்கள் பம்புக்குள் சுழலும் ஒரு சிறு சக்கரத்தை நம்பித்தான் நிறைவேறுகிறது. அந்தச் சக்கரத்திற்குத்தான் இம்பெல்லர் என்று பெயர். அது தேய்ந்தால் பயிர் வாடும். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தவறு செய்து தெரிந்துகொண்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் உழவர் மார்கழிப் பட்டத்தில் ஒரு ஏக்கர் இறவை நிலக்கடலை போட்டிருந்தார். 10 நாளுக்கு ஒரு முறை 5 சென்டிமீட்டர் ஆழத்திற்குத் தண்ணீர் கட்டுங்கள் என்று சொல்லியிருந்தேன். அவரும் தவறாமல் 10 நாளுக்கு ஒரு முறை, வழக்கம் போல ஐந்தரை மணி நேரம் பம்பை ஓட்டினார். 50 நாள் பயிரைப் பார்க்கப் போனேன். மேல்மடையில் செடி செழிப்பாக இருந்தது. கடைமடைப் பாத்திகளில் பூத்திருந்தும் விழுதுகள் மண்ணில் இறங்காமல் காய்ந்து கிடந்தன. ஜிப்சம் இட்டீர்களா என்றேன், இட்டதாகச் சொன்னார். வேரைப் பிடுங்கிப் பார்த்தேன், இலையைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

மடை திருப்பும் அம்மா ஒருவர் வரப்பில் நின்றிருந்தார். அவர் சொன்னார்: "முன்னெல்லாம் ஒரு பாத்தி நெறையறதுக்குள்ள அடுத்த மடையத் திருப்ப ஓடணும் சார். இப்ப வெத்தல போட்டு முடிச்சாலும் பாத்தி நெறைய மாட்டேங்குது."

அதுதான் சரியான விடை. நான் செடியைப் பார்த்தேன். அவர் தண்ணீரைப் பார்த்திருந்தார். குழாய் வாயில் 200 லிட்டர் பீப்பாயை வைத்து நேரம் பார்த்தோம். முன்பு 20 வினாடியில் நிறைந்த பீப்பாய், இப்போது நிறைய 34 வினாடி ஆயிற்று. கிணற்றில் தண்ணீர் மட்டம் இறங்கவில்லை. மோட்டாரும் குறையில்லாமல் ஓடியது. கடையில் கேட்டதற்கு 5 குதிரைத்திறன் மோட்டாரை எடுத்துவிட்டு ஏழரை வாங்கிப் போடச் சொன்னார்களாம். பம்பைப் பிரித்தபோது இம்பெல்லரின் இறக்கைகள் மணலால் அரிக்கப்பட்டுத் தகடு போல் மெலிந்திருந்தன. ஏழரை மோட்டாருக்கு வேலையே இல்லை. இம்பெல்லரை மாற்றியதும் பீப்பாய் 21 வினாடியில் நிறைந்தது. ஆனால் கடைமடையில் போன காய் போனதுதான். விழுது இறங்கும் பருவம் நமக்காகக் காத்திருப்பதில்லை.

கணக்கைப் பாருங்கள்

ஒரு ஏக்கரில் 5 சென்டிமீட்டர் ஆழத்திற்குத் தண்ணீர் நிற்க வேண்டுமானால் ஏறக்குறைய 2 இலட்சம் லிட்டர் தேவை. 200 லிட்டர் பீப்பாயால் அளந்தால் 1,000 பீப்பாய். ஒரு பீப்பாய் 20 வினாடியில் நிறைந்தால் 1,000 பீப்பாய்க்கு ஐந்தரை மணி நேரம் போதும். 34 வினாடி ஆனால் சுமார் ஒன்பதரை மணி நேரம் வேண்டும். அந்த உழவர் ஐந்தரை மணி நேரமே ஓட்டினார். அதனால் வயலுக்குப் போனது 580 பீப்பாய்தான். 5 சென்டிமீட்டருக்குப் பதில் 3 சென்டிமீட்டர்கூட முழுமையாகப் போகவில்லை.

மனக்கணக்காகச் செய்ய ஒரு சுலப வழி உண்டு. பீப்பாய் நிறையும் வினாடியை 3.6 ஆல் வகுங்கள். ஏக்கருக்கு எத்தனை மணி நேரம் ஓட்ட வேண்டும் என்பது கிடைத்துவிடும். மண்வாய்க்காலில் கசியும் தண்ணீருக்குச் சிறிது நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

நம் மாநிலத்தில் பாசனப் பம்புசெட்டுக்கு மின்கட்டணம் இல்லை. அது உழவருக்குப் பெரிய உதவி. ஆனால் அதில் ஒரு மறைவான சங்கடமும் இருக்கிறது. கட்டணச் சீட்டு வந்தால், ஓடும் நேரம் கூடியதை அதுவாவது எடுத்துச் சொல்லும். சீட்டும் இல்லாததால், பம்பு மெலிந்துகொண்டே போவது நமக்குத் தெரிவதில்லை. மும்முனை மின்சாரம் கிடைக்கும் நேரம் அளவானது. அந்த நேரத்திற்குள் தண்ணீர் கடைமடையைத் தொடாவிட்டால் நட்டம் விளைச்சலில்தான் வந்து விழும்.

இம்பெல்லர் ஏன் தேய்கிறது?

மோனோபிளாக் பம்பில் மோட்டாரின் அச்சுத் தண்டு நுனியிலேயே இம்பெல்லர் பொருத்தப்பட்டிருக்கும். அது நிமிடத்திற்கு ஏறத்தாழ 2,900 சுற்று வேகத்தில் சுழன்று, நடுவில் வந்து சேரும் தண்ணீரை ஓரத்திற்கு வீசி எறிகிறது. அந்த வீச்சே அழுத்தமாக மாறித் தண்ணீரை மேலே ஏற்றுகிறது. இறக்கை மெலிந்தாலும், ஓரம் உடைந்தாலும் வீச்சு குறைந்துவிடும்.

தேய்மானத்திற்கு மூன்று காரணங்கள் முக்கியமானவை. முதலாவது மணல். புட்வால்வு கிணற்றின் அடிச் சேற்றை ஒட்டி இருந்தால் தண்ணீரோடு மணலும் ஏறும். மணல் அரித்த இறக்கை வழவழப்பாக, கத்தி முனை போல் மெலிந்திருக்கும்.

இரண்டாவது, பம்பு தண்ணீர் மட்டத்திலிருந்து மிக உயரத்தில் இருப்பது. உறிஞ்சும் உயரம் நடைமுறையில் 6 மீட்டருக்குள் இருப்பது நல்லது. கோடையில் மட்டம் இறங்க இறங்க இந்த உயரம் கூடும். அப்போது இம்பெல்லரின் வாயருகே நீராவிக் குமிழிகள் தோன்றி உடைந்து உலோகத்தைக் கொத்தும். பம்புக்குள் கூழாங்கல் உருளுவது போன்ற ஓசை கேட்டால் இதுதான் நடக்கிறது என்று அறியலாம். பிரித்துப் பார்த்தால் இறக்கையின் தொடக்கத்தில் புழு அரித்தது போலக் குழிகள் இருக்கும். இந்த நிலையில் புதிய இம்பெல்லர் போட்டாலும் அதுவும் அதே கதிதான். பம்பைக் கீழே இறக்கி வைப்பதே மருந்து.

மூன்றாவது உப்புத் தண்ணீர். வார்ப்பிரும்பை அது துருவாக்கி உதிர்க்கும். அத்தகைய கிணறுகளுக்கு வெண்கல வகை இம்பெல்லர் விலை கூடினாலும் நீண்ட நாள் உழைக்கும்.

பிரிப்பதற்கு முன்

தண்ணீர் குறைந்தவுடனே ஸ்பேனரை எடுத்துவிட வேண்டாம். வெளியிலிருந்தே பார்க்கக்கூடியவற்றை முதலில் பாருங்கள். புட்வால்வின் சல்லடையில் பாசியும் சருகும் அடைத்திருக்கிறதா? உறிஞ்சு குழாயின் இணைப்புகளில் காற்று இழுக்கிறதா? கிளாண்டு வழியாகக் காற்று போகிறதா? வெளியேற்று குழாயில் வெடிப்பு உண்டா? மின்னழுத்தம் குறைவாக இருக்கிறதா? கிணற்றின் மட்டம் முன்பு அளந்தபோது இருந்த அளவில் உள்ளதா? மட்டம் இறங்கினால் நல்ல பம்பும் குறைவாகத்தான் இறைக்கும். எனவே ஒரே மட்டத்தில் அளந்த அளவுகளைத்தான் ஒப்பிட வேண்டும்.

மோட்டாருக்குக் காயில் கட்டிய பிறகோ, கம்பத்தில் வேலை நடந்த பிறகோ திடீரென்று தண்ணீர் குறைந்தால், சுழலும் திசையைப் பாருங்கள். இரண்டு பேஸ் மாறிவிட்டால் மோட்டார் எதிர்த்திசையில் ஓடும். அப்போதும் கொஞ்சம் தண்ணீர் வரும் என்பதால் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். பம்பின் மேல் பொறித்துள்ள அம்புக்குறிதான் சரியான திசை.

இவையெல்லாம் சரியாக இருந்து, தண்ணீர் சிறிது சிறிதாகப் பல மாதங்களாகக் குறைந்து வந்திருந்தால், குறை இம்பெல்லரில் இருக்கக்கூடும்.

உயிருக்கு முதலிடம்

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். மின்சாரம் இல்லாத நேரம்தானே என்று நினைத்துப் பம்பில் கை வைக்காதீர்கள். பல இடங்களில் ஆட்டோ ஸ்டார்டர் வைத்திருக்கிறோம். மும்முனை மின்சாரம் வந்த நொடியே மோட்டார் தானாக ஓடத் தொடங்கும். உங்கள் விரல் உள்ளே இருப்பது அதற்குத் தெரியாது. மெயின் சுவிட்சை அணைத்து, மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் கழற்றி உங்கள் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கண்டென்சர் பெட்டி இருந்தால் அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். மின்பணியாளரைக் கொண்டு அதை நீக்கச் செய்யுங்கள்.

பம்பு கிணற்றுக்குள் மேடையில் இருந்தால் தனியாக இறங்காதீர்கள். இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஓர் ஆள் நிற்க வேண்டும். கிணற்றுக்குள் டீசல் எஞ்சின் ஓடியிருந்தால் அதன் புகை தங்கியிருக்கும். அதை மூச்சில் இழுத்தால் மயங்கி விழ நேரும். காற்று நன்றாக மாறும்வரை இறங்கவே கூடாது.

கழற்றும் முறை

வெளியேற்று குழாயில் நிற்கும் தண்ணீரை முதலில் வடித்துவிடுங்கள். உறையும் மோட்டாரும் சேரும் இடத்தில் உளியால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் திரும்பப் பூட்டும்போது திசை மாறாது. போல்ட்டுகளை ஒன்றுக்கொன்று எதிரெதிராகச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். உறைக்கு இடையில் உள்ள பேக்கிங்கைக் கிழித்து எறிந்துவிடாமல் அதன் கனத்தைப் பார்த்து வையுங்கள்.

இம்பெல்லரைப் பிடித்திருக்கும் நட்டு துருப்பிடித்திருந்தால் மண்ணெண்ணெயோ துரு இளக்கும் எண்ணெயோ விட்டு ஒரு மணி நேரம் பொறுத்திருங்கள். பெரும்பாலான பம்புகளில் இம்பெல்லர் சுழலும் திசையிலேயே நட்டைத் திருப்பினால் அது கழலும். இறக்கைக்குள் இரும்புக் கம்பியை நுழைத்துப் பிடித்துத் திருப்பக் கூடாது, இறக்கை உடையும். இம்பெல்லரை இழுக்கப் புல்லர் வைப்பதே முறை. ஒரு பக்கமாகச் சுத்தியலால் அடித்தால் அச்சுத் தண்டு வளைந்துவிடும். வளைந்த தண்டு, தேய்ந்த இம்பெல்லரைவிடப் பெரிய செலவு. தண்டில் உள்ள கீ என்னும் சிறு இரும்புக் கட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

இப்போது தண்டின் நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங் போயிருக்கிறது. அதை மாற்றாமல் இம்பெல்லரை மட்டும் மாற்றினால் புதியது உறையில் உரசித் தேய்ந்துவிடும்.

புதியதைத் தேர்ந்தெடுப்பது

பழைய இம்பெல்லரைக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். பம்பின் பெயர்ப் பலகையில் உள்ள மாதிரி எண்ணையும் குறித்துச் செல்லுங்கள். வெளிவிட்டம், நடுவாயின் விட்டம், அகலம், தண்டு நுழையும் துளை, கீ உட்காரும் காடி, இறக்கைகளின் எண்ணிக்கை, அவை வளைந்திருக்கும் பக்கம் ஆகிய அனைத்தும் ஒத்திருக்க வேண்டும். ஓரம் தேய்ந்த இம்பெல்லரின் விட்டத்தை அப்படியே நம்ப வேண்டாம். மாதிரி எண்ணுக்கு உரிய அளவைக் கேளுங்கள்.

இங்கேதான் பலர் ஆசைப்படுகிறார்கள். கொஞ்சம் பெரிய இம்பெல்லராகப் போட்டால் தண்ணீர் கூடுதலாக வருமே என்று நினைக்கிறார்கள். தண்ணீர் கூடும் என்பது உண்மைதான். ஆனால் மோட்டாரின் மேல் விழும் சுமை அதைவிட வேகமாகக் கூடும். விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினால் சுமை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். முழுச் சுமையில் ஓடும் மோட்டார் இதைத் தாங்காது. காயில் கருகிவிட்டால், அதைக் கட்டி முடிக்கும் வரை பயிருக்குச் சொட்டுத் தண்ணீர் இல்லை. தவிர, ஊற்றுக் குறைந்த கிணற்றில் வேகமாக இறைத்தால் கிணறு விரைவில் வற்றுமே அல்லாமல் தண்ணீர் கூடாது.

இம்பெல்லரின் வாய், உறையில் உட்காரும் இடத்தில் பல பம்புகளில் ஒரு தேய்மான வளையம் இருக்கும். இதையும் சேர்த்து மாற்ற வேண்டும். வளையம் தேய்ந்து இடைவெளி கூடியிருந்தால், வீசப்பட்ட தண்ணீர் அந்த இடைவெளி வழியாகத் திரும்பவும் உள்ளேயே வந்து சுற்றிக்கொண்டிருக்கும். புதிய இம்பெல்லர் போட்டும் தண்ணீர் கூடவில்லை என்று குறை சொல்கிறவர்கள் வீட்டில் பெரும்பாலும் பழைய வளையம் அப்படியே இருக்கும்.

பூட்டும் முறை

தண்டைத் துடைத்து, மெல்லியதாகக் கிரீஸ் தடவி, கீயை வைத்து இம்பெல்லரை நேராகத் தள்ளுங்கள். தட்ட வேண்டியிருந்தால் மரக்கட்டையை வைத்துத் தட்டுங்கள். நட்டை இறுக்கிய பின் கையால் சுழற்றிப் பாருங்கள். பேக்கிங் பழைய கனத்திலேயே இருக்கட்டும். கனம் கூடினால் இம்பெல்லருக்கும் உறைக்கும் உள்ள இடைவெளி கூடி நீர் குறையும். கனம் குறைந்தால் உரசும். உறையைப் பூட்டிய பின் மறுபடியும் கையால் சுழற்றுங்கள். உரசும் ஓசை கேட்டால் மேலே போகாமல் திரும்பப் பிரித்துப் பார்ப்பதே நல்லது.

கிளாண்டு கயிறு உள்ள பம்பானால் பழைய கயிற்றை முழுவதும் எடுத்துவிட்டுப் புதியதைத் தனித்தனி வளையங்களாக வெட்டிப் போடுங்கள். ஒரு வளையத்தின் வெட்டும் அடுத்த வளையத்தின் வெட்டும் ஒரே இடத்தில் வரக் கூடாது. கிளாண்டை ஒரேயடியாக இறுக்க வேண்டாம். பம்பு ஓடும்போது தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். அந்தச் சொட்டுத்தான் தண்டைக் குளிர்விக்கிறது.

பிறகு பம்பையும் உறிஞ்சு குழாயையும் தண்ணீரால் நிரப்பிக் காற்றை வெளியேற்றுங்கள். ஒரு நொடி மட்டும் ஓட்டித் திசையைப் பாருங்கள். திசை சரியென்றால் முழுமையாக ஓட்டுங்கள். அம்மீட்டரில் வரும் ஆம்பியர், பெயர்ப் பலகையில் எழுதியுள்ள அளவைத் தாண்டக் கூடாது. இறுதியாக, பீப்பாயை வைத்து நேரம் பாருங்கள்.

ஆழ்குழாய்க் கிணற்றில் மூழ்கி ஓடும் பம்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். அவற்றில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல இம்பெல்லர்கள் அடுக்கப்பட்டிருக்கும். அதைப் பிரிப்பது பட்டறை வேலை. ஆனால் பீப்பாய்க் கணக்கு உங்களுக்கும் பொருந்தும்.

எப்போது செய்வது?

இந்த வேலைக்கு ஒரு நாள் போதும். உதிரிப் பாகம் கிடைக்காவிட்டால் மூன்று, நான்கு நாள்கூட ஆகலாம். ஆகவே தண்ணீர் கட்டி முடித்த மறுநாளே தொடங்குங்கள். அடுத்த தண்ணீருக்கு முதல் நாள் தொடங்காதீர்கள். நிலக்கடலையில் பூக்கும் பருவம், விழுது இறங்கும் பருவம், காய் பிடிக்கும் பருவம், மக்காச்சோளத்தில் ஆண் பூவும் பட்டிழையும் வரும் பருவம், நெல்லில் கதிர் உருவாகும் பருவம் முதல் பூக்கும் பருவம் வரை ஆகியவற்றில் தண்ணீர் தவறினால் பின்னால் எத்தனை தண்ணீர் கட்டினாலும் ஈடாகாது. இந்தப் பருவங்கள் வருவதற்கு முன்பே, விதைப்புக்கு முந்திய ஓய்வு நாட்களில், பம்பைச் சோதித்துவிடுவது நல்லது.

பருவத்தின் நடுவில் குறை தெரிந்து, உடனே பிரிக்க முடியாவிட்டால், குறைந்த தண்ணீரைப் பரப்பு முழுவதும் மெல்லப் பரப்பி எல்லாப் பாத்தியையும் அரைகுறையாக நனைக்காதீர்கள். இன்று பாதி வயலுக்கு முழுமையாகவும், நாளை மீதிப் பாதிக்கு முழுமையாகவும் கட்டுங்கள். ஒவ்வொரு முறையும் மேல்மடையிலேயே தொடங்காமல், இடையிடையே கடைமடையிலிருந்தும் தொடங்குங்கள்.

வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். பம்பு அறைச் சுவரில் சுண்ணாம்பால் மூன்று விவரங்களை எழுதி வையுங்கள்: அளந்த தேதி, கிணற்றில் தண்ணீர் மட்டம், பீப்பாய் நிறைந்த வினாடி. மாதம் ஒரு முறை புதிய வரி எழுதுங்கள். அதே மட்டத்தில் 20 வினாடி 25 ஆகும்போதே உங்களுக்குத் தெரிந்துவிடும். 34 ஆகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

மடை திருப்புகிறவர்களையும் கேளுங்கள். வீட்டு அம்மாவோ, கூலிக்கு வருபவரோ, பாத்தி நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். அந்த உழவரின் வயலில் நான் ஒரு மாதத்திற்கு முன்பே அந்த அம்மாவைக் கேட்டிருந்தால் கடைமடைக் கடலை பிழைத்திருக்கும். அன்றிலிருந்து, தண்ணீர் கட்டும் முறையைச் சொல்வதற்கு முன், உங்கள் பம்பில் பீப்பாய் எத்தனை வினாடியில் நிறைகிறது என்று கேட்பதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன். இன்று உங்களையும் அதையே கேட்கிறேன்.